ஒரு நோட்டு, ஒரு இஞ்ச் டேப், வாரத்தில் மூன்று நாள்

வாசகர் ஒருவரின் கேள்வி சுருக்கமாக இது: வயது 27, உயரம் 170 செ.மீ. பகல் முழுவதும் கணினி முன் வேலை. கையும் காலும் மெலிது. வயிறு மட்டும் சட்டைப் பொத்தானை இழுக்கிறது. இரண்டு மாதத்துக்கு முன் 78 கிலோ எடையோடு ஜிம்மில் சேர்ந்தார். சேர்ந்த அன்றே ஆறு நாள் அட்டவணை ஒன்றைக் கையில் கொடுத்து, சோற்றை அடியோடு நிறுத்தச் சொல்லி, ஒரு டப்பா புரோட்டீன் பவுடரையும் விற்றுவிட்டார்கள். இப்போது எடை 74. "நான்கு கிலோ குறைந்தும் தொப்பை அப்படியே இருக்கிறது. முகம் மட்டும் ஒட்டிப்போய், உடம்புக்கு என்ன என்று அம்மா கேட்கிறார். எனக்குக் கொழுப்பில்லாத கட்டான உடம்பு வேண்டும். எந்த அட்டவணையைப் பின்பற்றுவது, என்ன சாப்பிடுவது?"

தம்பி, உங்கள் அம்மா சரியாகத்தான் பார்த்திருக்கிறார். போன நான்கு கிலோவில் கொழுப்பு கொஞ்சம், தண்ணீர் கொஞ்சம், தசையும் கொஞ்சம். சோற்றை நிறுத்தினால், தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைத்திருந்த மாவுச்சத்தும் அதோடு ஒட்டியிருந்த தண்ணீரும் முதல் வாரத்திலேயே இறங்கிவிடும். தராசு ஒன்றரை, இரண்டு கிலோ குறைத்துக் காட்டும். மனம் குளிரும். கொழுப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். அதற்குப் பிறகு புரதமும் இல்லாமல் பட்டினி கிடந்தால், உடம்பு ஏற்கெனவே கொஞ்சமாக இருக்கும் தசையையும் கரைத்துச் செலவழிக்கும்.

கட்டான உடம்பு என்று நீங்கள் கேட்பதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. இருக்கும் கொழுப்பைக் குறைப்பது ஒன்று. இல்லாத தசையை உண்டாக்குவது இன்னொன்று. நூறு கிலோ எடையுள்ளவருக்கு முதல் வேலை பெரியது. உங்களுக்கு இரண்டாவதுதான் பெரியது. இன்னும் ஆறு கிலோ குறைத்து 68-க்கு வந்தாலும் தசை இல்லாவிட்டால் இதே உருவம் சற்றுச் சிறியதாகக் கண்ணாடியில் நிற்கும், அவ்வளவுதான். ஆகவே இனி ஆறு மாதத்துக்கு நீங்கள் தினமும் பார்த்துக் கவலைப்பட வேண்டிய கிலோ, கம்பியில் நீங்கள் மாட்டுகிற கிலோ. தராசின் கிலோவை வாரத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தால் போதும்.

நல்ல செய்தியும் உண்டு. எடைப் பயிற்சிக்குப் புதியவர்களின் உடம்பு முதல் ஓராண்டு வரை ஒரு சலுகை தருகிறது. அளவோடு குறைத்துச் சாப்பிட்டுக்கொண்டே, புரதம் போதுமான அளவு இருந்தால், கொழுப்பைக் குறைத்துத் தசையையும் வளர்க்க முடியும். ஐந்தாறு ஆண்டு பயிற்சி செய்தவர்களுக்கு இது எளிதில் வாய்க்காது. அந்தச் சலுகைக் காலத்தில் இரண்டு மாதத்தைத்தான் நீங்கள் வீணடித்திருக்கிறீர்கள். நான் வீணடித்தது இரண்டு ஆண்டு. இருபத்தைந்து வயதில் இதே ஆறு நாள் தாளை வைத்துக்கொண்டு, இரண்டாம் ஆண்டின் முடிவிலும் முதல் மாதத்தில் தூக்கிய அதே 30 கிலோவைத் தூக்கிக்கொண்டிருந்தேன்.

அந்தத் தாள் எனக்கு மனப்பாடம். திங்கள் மார்பு, செவ்வாய் முதுகு, புதன் தோள், வியாழன் பைசெப்ஸ் (மேற்கையின் முன்தசை), வெள்ளி டிரைசெப்ஸ் (அதன் பின்தசை), சனி கால். ஊர் ஊராக இதே தாள்தான். சில இடங்களில் லேமினேட் செய்து சுவரில் ஒட்டியிருப்பார்கள். ஆணழகன் போட்டி மேடைக்குத் தயாராகிறவர்களின் முறை படிப்படியாக இறங்கி எல்லோருடைய தலையிலும் விழுந்திருக்கிறது. பல ஆண்டு உழைத்து, ஒரு தசையை ஒரே நாளில் பிழிந்தெடுத்தால்தான் அது இன்னும் ஒரு சுற்று வளரும் என்ற கட்டத்தில் இருப்பவர்களுக்கு அது பொருந்தலாம். அவர்களில் ஒரு பகுதியினருக்கு ஸ்டீராய்டு ஊசியின் உதவியும் உண்டு என்பதை யாரும் அந்தத் தாளின் அடியில் எழுதி வைப்பதில்லை.

புதியவரின் தசை ஒரு பயிற்சிக்குப் பிறகு இரண்டு மூன்று நாளில் தேறி அடுத்த வேலைக்குத் தயாராகிவிடும். அதை அடுத்த திங்கள் வரை சும்மா உட்கார வைப்பது வீண். இன்னொன்று, முதல் சில வாரங்களில் உங்கள் பலம் கூடுவதற்குக் காரணம் தசை பெருத்தது அல்ல. நரம்புகள் அந்த அசைவைக் கற்றுக்கொள்வதுதான். கற்றுக்கொள்வதற்கு அடிக்கடி செய்ய வேண்டும். சைக்கிள் பழகுகிறவர் வாரத்தில் ஒரு நாள் மட்டும் இரண்டு மணி நேரம் ஓட்டிப் பழகுவாரா? தினம் கொஞ்சம் ஓட்டினால்தான் கைவரும்.

சனிக்கிழமை கால் என்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சனிக்கிழமைதான் ஊருக்குப் பஸ் ஏறுவோம், வரவேற்புக்குப் போவோம், வெள்ளி இரவு வேலை முடிந்து தாமதமாக எழுவோம். கால் மாதக்கணக்கில் வரவே வராது. உடம்பின் பெரிய தசைகள் எல்லாம் தொடையிலும் பிட்டத்திலும் இருக்க, அவற்றை விட்டுவிட்டு மூன்று விரல் அகலமுள்ள பைசெப்ஸுக்கு ஒரு முழு நாளை ஒதுக்குவது என்ன கணக்கோ!

இணையத்தில் கொஞ்சம் தேடியவர்கள் அடுத்துக் கேட்பது 5×5. பெரிய அசைவுகள் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ஐந்து செட் (இடையில் ஓய்வில்லாமல் செய்யும் ஒரு சுற்றுதான் செட்), செட்டுக்கு ஐந்து தடவை, ஒவ்வொரு வருகையிலும் இரண்டரை கிலோ கூட்டுவது. நல்ல முறைதான்; ஆறு நாள் தாளைவிட நூறு மடங்கு மேல். ஆனாலும் உங்களுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். குறைத்துச் சாப்பிடும் காலத்தில் அந்த வேகத்துக்கு எடை கூட்ட முடியாது. ஆறேழு வாரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும், மனம் உடைந்துபோகும். அதோடு, ஐந்து தடவைக்கு மேல் முடியாத கனத்தில் ஸ்குவாட் (கம்பியைத் தோளில் தாங்கிக் குந்தி எழுவது) செய்ய வேண்டுமானால், கம்பி கையை மீறினால் தாங்கிக்கொள்ளும் பக்கச் சட்டங்கள் உள்ள ரேக் வேண்டும். நம் தெரு ஜிம்களில் பெரும்பாலும் இருப்பது இரண்டு கால் நட்ட ஸ்டாண்டுதான். விழுந்தால் விழுந்ததுதான்.

ஆக, என் தேர்வு இது: வாரத்தில் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒவ்வொரு முறையும் முழு உடம்பு. இரண்டு வகை நாள்களை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். முதல் வகை நாளில் ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ் (மல்லாந்து படுத்துக் கம்பியை நெஞ்சுக்கு மேலே தள்ளுவது), கேபிள் ரோயிங் (உட்கார்ந்து கேபிளை வயிற்றை நோக்கி இழுப்பது), கடைசியாகப் பிளாங்க் (முழங்கையிலும் கால்விரலிலும் ஊன்றி உடம்பை நேராகப் பிடித்திருப்பது). இரண்டாம் வகை நாளில் ருமேனியன் டெட்லிஃப்ட் (கம்பியைக் கையில் பிடித்து இடுப்பில் மடங்கி நிமிர்வது), டம்பெல் ஷோல்டர் பிரஸ் (டம்பெல்லைத் தலைக்கு மேலே தள்ளுவது), லாட் புல்டவுன் (மேலே தொங்கும் கம்பியை நெஞ்சுக்கு இழுப்பது), லெக் பிரஸ் (மெஷினில் காலால் எடையைத் தள்ளுவது). இந்த வாரம் திங்களும் வெள்ளியும் முதல் வகை என்றால் அடுத்த வாரம் அது புதன் மட்டும் வரும். ஒரு நாள் தவறினால் எதுவும் குடிமுழுகிப்போகாது. அடுத்த நாள் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். சட்டைக் கைக்குள் ஏதாவது தெரிய வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு. கடைசியில் இரண்டு செட் பைசெப்ஸ் கர்ல் செய்துகொள்ளுங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

இதில் புதுமை எதுவும் இல்லை. தென்மாவட்டக் கிராமங்களில் இன்றும் சில இடங்களில் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குகிறார்கள். வழவழப்பான உருண்டைக் கல். பிடிக்க ஒரு விளிம்பும் கிடையாது. குந்தி அணைத்து, தொடைக்கு ஏற்றி, நெஞ்சுக்கு உருட்டி, தோளுக்குக் கொண்டுபோய்ப் பின்னால் போட வேண்டும். கால், இடுப்பு, முதுகு, கை எல்லாம் ஒரே மூச்சில் வேலை செய்தால்தான் கல் அசையும். வியாழக்கிழமை பைசெப்ஸ் நாள் என்பது அந்தக் கல்லுக்குத் தெரியாது. தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் அப்படித்தான், முழு உடம்புக்குமான வேலை.

முதல் இரண்டு வாரம் ஒவ்வொன்றிலும் இரண்டு செட் போதும், பிறகு மூன்று. பிளாங்க் தவிர மற்றவற்றில் ஒவ்வொரு செட்டிலும் எட்டு முதல் பன்னிரண்டு தடவை. இன்னும் இரண்டு தடவை செய்திருக்கலாம் என்று தோன்றும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். முகம் கோணிக் கத்திக்கொண்டு கடைசி ஒன்றைப் பிய்த்தெடுக்க வேண்டியதில்லை. செட்டுக்கு நடுவே இரண்டு நிமிடம் ஓய்வு. கைபேசி எடுத்தால் அது ஏழு நிமிடம் ஆகும், ஆகவே எடுக்காதீர்கள்.

இனி நோட்டு. பத்து ரூபாய் நோட்டுப்புத்தகமும் பேனாவும் இல்லாமல் ஜிம்முக்குள் போகாதீர்கள். ஒரு உதாரணம்: பெஞ்ச் பிரஸ்ஸில் 30 கிலோ. முதல் நாள் 9, 8, 8 தடவை வந்தது; எழுதுங்கள். அடுத்த முறை குறி 10, 9, 8. இப்படியே ஏறி ஏறி ஒருநாள் 12, 12, 12 வரும். அன்று மாலையே முடிவாகிவிட்டது, அடுத்த முறை 32.5 கிலோ. தடவை மறுபடி எட்டுக்கு இறங்கும், மறுபடி ஏறுங்கள். இவ்வளவுதான் ரகசியம். நான் இரண்டு ஆண்டு 30 கிலோவிலேயே நின்றதற்குக் காரணம் உழைப்புக் குறைவு அல்ல. போன வாரம் என்ன தூக்கினேன் என்று எனக்கே தெரியாது. நோட்டு வாங்கிய முதல் நான்கு மாதத்தில் 30 என்பது 50 ஆனது.

இந்தப் படியேற்றக் கணக்கு பயில்வான்களிடம் மட்டும் இருந்ததல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சிகாகோவின் ராணுவ மருத்துவமனை ஒன்றில், தொடையிலும் முழங்காலிலும் அடிபட்ட வீரர்களுக்குத் தாமஸ் டிலார்ம் என்ற மருத்துவர் எடை தூக்கும் சிகிச்சை கொடுத்தார். பலம் கூடக்கூட எடையையும் கூட்டினார். 1945-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். இன்று எந்த ஜிம்மில் நுழைந்தாலும் மாஸ்டர் 'மூணு செட், பத்துத் தடவை' என்று சொல்கிறாரே, அதன் வேர் அந்தப் படுக்கைகளின் பக்கம்தான் போகிறது. தடவைக் கணக்கு மட்டும் நம் ஊர் வந்து சேர்ந்தது, 'எடையைக் கூட்டு' என்ற மறுபாதி, வழியில் எங்கோ தொலைந்துவிட்டது.

சில நடைமுறைச் சங்கதிகள். சர்வதேசப் போட்டியில் ஆண்கள் தூக்கும் கம்பி 20 கிலோ. நம் தெரு ஜிம் கம்பிகள் எட்டு, பத்து, பன்னிரண்டு என்று இஷ்டத்துக்கு இருக்கும். கம்பியைப் பிடித்துக்கொண்டு எடை மெஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழித்துப் பாருங்கள். நோட்டில் கம்பியையும் சேர்த்தே எழுதுங்கள். ஒன்றேகால் கிலோ பிளேட் பல ஜிம்களில் இருக்காது. ஒரு ஜோடி சொந்தமாக வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். தோள் பயிற்சியில் ஒரேயடியாக ஐந்து கிலோ கூட்டப் போய்த் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஸ்குவாட்டை நேரே கம்பியில் தொடங்க வேண்டாம். ஒரு டம்பெல்லை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக் கீழே உட்கார்ந்து எழுந்து பழகுங்கள். குதிகால் தரையை விட்டு எழக்கூடாது. முழங்கால் உள்ளே மடியக்கூடாது. ருமேனியன் டெட்லிஃப்ட்டில் முதுகை வளைத்துக் குனிவதற்குப் பதிலாக, பின்னாலிருக்கும் கதவை இடுப்பால் தள்ளி மூடுவதுபோல் நினைத்துக்கொள்ளுங்கள்; தொடையின் பின்புறம் இழுத்தால் சரியாகச் செய்கிறீர்கள், அடிமுதுகு இழுத்தால் எடையைக் குறையுங்கள். ஒவ்வொரு பயிற்சிக்கும் முன் வெறும் கம்பியில் ஒரு செட், பாதி எடையில் ஒரு செட் செய்துவிட்டுத்தான் அன்றைய எடைக்குப் போக வேண்டும். இரண்டாம் நாள் காலையில் படியிறங்க முடியாமல் தொடை வலிக்கும். அது இயல்பு, இரண்டு வாரத்தில் பழகிவிடும். மூட்டுக்குள் குத்துகிற வலி வேறு. அதைப் பொறுத்துக்கொண்டு தூக்காதீர்கள். ரத்த அழுத்தம், குடலிறக்கம், பழைய முதுகு வலி ஏதாவது இருந்தால் மருத்துவரைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

உணவுக்கு வருகிறேன். சோறு உங்கள் எதிரி அல்ல. சோற்றுக்குப் பக்கத்தில் ஒன்றுமில்லாததுதான் சிக்கல். காலையில் நான்கு இட்லி, தேங்காய்ச் சட்னி. மதியம் தட்டு நிறையச் சோறு, சாம்பார், ரசம், மோர், உருளைக்கிழங்கு வறுவல். சாயங்காலம் டீயோடு இரண்டு வடை. இரவு நான்கு தோசை. நம்மில் பலரின் நாள் இதுதான். கூட்டிப் பார்த்தால் புரதம் 50 கிராமைத் தொடுவதே கடினம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, தானியத்திலிருந்து வரும் ஆற்றல் 45 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்கிறது. மேலே சொன்ன தட்டு அந்த எல்லையை என்றைக்கோ தாண்டிவிட்டது.

உங்கள் கணக்கைப் போடுவோம். மிஃப்ளின் சூத்திரம் என்று ஒன்று இருக்கிறது: எடையைப் பத்தால் பெருக்கி, உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டி, வயதை ஐந்தால் பெருக்கிக் கழித்து, ஆண்களுக்கு ஐந்தைக் கூட்ட வேண்டும். உங்களுக்கு 740 + 1062 − 135 + 5, ஏறத்தாழ 1670 கலோரி. சும்மா படுத்திருந்தாலே உடம்பு செலவழிப்பது இது. உட்கார்ந்த வேலையும் வாரம் மூன்று நாள் பயிற்சியும் சேர்த்து 1.4-ஆல் பெருக்கினால் 2300-ஐ ஒட்டி வரும். அதில் 400 குறைத்து 1900 சாப்பிடுங்கள். ஆயிரத்து இருநூறுக்கு இறக்குகிற வீரம் எல்லாம் வேண்டாம். அந்தச் சாப்பாட்டில் கம்பி ஏறாது. புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் என்று பிடித்தால் 118 வருகிறது. 110-லிருந்து 120-க்குள் எங்காவது நின்றால் சரி.

இது தட்டில் எப்படி இருக்கும்? காலையில் மூன்று இட்லி, ஒரு கிண்ணம் சாம்பார், கொஞ்சம் சட்னி, மூன்று முட்டை. இதில் புரதம் 28 கிராம் வந்துவிடும். மதியம் வெந்த சோறு 200 கிராம், கோழிக்கறி பச்சையாக நிறுத்து 150 கிராம், ஒரு காய், ஒரு கிண்ணம் தயிர்: 45 கிராம். சாயங்காலம் 40 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து வேகவைத்த சுண்டலும் சர்க்கரை போடாத டீயும்: 11. இரவு இரண்டு சப்பாத்தி, 120 கிராம் மீன் குழம்பில்: 30. கூட்டினால் 114 கிராம் புரதம், கலோரி 1900-ஐ ஒட்டி. எண்ணெய் அளவோடு இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும், அதைப் பிறகு சொல்கிறேன். மீன் என்றதும் வஞ்சிரம் விலையை நினைத்துப் பயப்படாதீர்கள். மத்தியிலும் அயிலையிலும் சூரையிலும் புரதம் குறைவதில்லை, விலைதான் குறைவு.

சைவம் என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பருப்பு 100 கிராமில் 22 கிராமுக்குக் குறையாமல் புரதம் என்று படித்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள், நாம் ஒரு வேளைக்கு ஊற்றும் சாம்பாரில் இருக்கும் பருப்பு ஒரு கைப்பிடிகூட இல்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். நிலக்கடலையையும் பன்னீரையும் புரத உணவு என்பார்கள். பாதி உண்மை. 100 கிராம் கடலையில் 25 கிராம் புரதம் இருக்கிறது, கூடவே 560 கலோரிக்கு மேல் வருகிறது. பன்னீரிலும் புரதத்தைவிடக் கொழுப்பு அதிகம். எடை குறைக்கும் காலத்தில் இவை தொட்டுக்கொள்ள மட்டும். சோயா உருண்டைதான் சைவருக்குக் கைகொடுக்கும்: உலர்ந்தது 50 கிராமில் 26 கிராம் புரதம், கலோரி 180-ஐத் தாண்டாது. வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து, மிளகு தூக்கலாக வறுத்தால் சாப்பிடலாம். ருசி அமிர்தம் என்று பொய் சொல்லமாட்டேன். அதோடு தயிர், பால், கெட்டிப் பருப்பு, சுண்டல்.

சோறு 200 கிராம் என்றால் எவ்வளவு என்று கண்ணால் சொல்லிவிட முடியாது, எனக்கும் முடியவில்லை. சமையலறைத் தராசு ஒன்று வாங்கி ஒரு வாரம் மட்டும் நிறுத்துப் பாருங்கள். எந்தக் கரண்டியில் எத்தனை என்று கணக்குப் பிடிபட்டுவிடும், பிறகு தராசைப் பரணில் போட்டுவிடலாம். முதல் நாள் நான் வழக்கம்போல் போட்டுக்கொண்ட சோற்றை நிறுத்தபோது 460 கிராம் இருந்தது. கொஞ்சமாகத்தானே சாப்பிடுகிறோம் என்று பத்து ஆண்டாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எண்ணெயைத்தான் யாரும் பார்ப்பதில்லை. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் நான்கு லிட்டர் எண்ணெய் தீர்ந்தால் ஆளுக்கு ஒரு லிட்டர், அதாவது நாளுக்கு 30 கிராம், ஏறத்தாழ 270 கலோரி. இது கடையில் சாப்பிடும் வடையையும் பரோட்டாவையும் சேர்க்காமல். தோசைக்குச் சுற்றி ஊற்றும் கை கொஞ்சம் தாராளமாக இருந்தால், நீங்கள் சோற்றில் மிச்சம் பிடித்ததை எல்லாம் அந்தக் கல்லே சாப்பிட்டுவிடும். டீயும் அப்படித்தான். நாளுக்கு நான்கு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 160 கலோரி. உங்கள் 400-ல் பாதியை எண்ணெயிலும் சர்க்கரையிலுமே எடுத்துவிடலாம். பசியும் தெரியாது, அம்மாவும் கவலைப்படமாட்டார்.

வாங்கிய பவுடரை என்ன செய்வது? குடித்துத் தீர்த்துவிடுங்கள், காசு போட்டாயிற்று. வே புரோட்டீன் என்பது பாலிலிருந்து சீஸ் செய்யும்போது வடிகிற நீரில் இருக்கும் புரதம். விஷமும் அல்ல, மந்திரமும் அல்ல. நான் சொன்ன ஊட்டச்சத்து வழிகாட்டி அதைத் தவிர்க்கவே சொல்கிறது. நான் அவ்வளவு கடுமையாகச் சொல்லமாட்டேன்: முட்டையும் மீனும் சாப்பிடுகிறவருக்குத் தேவை இல்லை, சைவர் ஒருவருக்கு நாளுக்கு 25 கிராம் குறைகிறது என்றால் ஒரு ஸ்கூப் அந்தப் பள்ளத்தை நிரப்பும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. கடையில் விற்பவற்றில் உருப்படியான ஆதாரம் உள்ள இன்னொன்று, பலம் கூட உதவும் கிரியாட்டின் மோனோஹைட்ரேட் என்ற தூள், நாளுக்கு மூன்று முதல் ஐந்து கிராம். அது எடுக்கும்போது ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகத்தின் நிலையை அறியப் பார்க்கும் கிரியாட்டினின் அளவு சற்றுக் கூடிக் காட்டலாம். மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கொழுப்பெரிக்கும் மாத்திரை என்று விற்பதை வாங்காதீர்கள். 'சும்மா ஒரு கோர்ஸ்' என்று யாராவது ஊசியைப் பற்றிப் பேசினால் அந்த இடத்துக்கே மறுபடி போகாதீர்கள். அது இதயத்தையும் ஈரலையும் விந்து உற்பத்தியையும் தொடுகிற விஷயம். ஜிம் மாஸ்டர் முடிவு செய்கிற விஷயமே அல்ல.

தொப்பைக்குத் தனிப் பயிற்சி உண்டா என்று அடுத்த கேள்வி வரும். கிடையாது. ஆயிரம் சிட்-அப்ஸ் செய்தாலும் வயிற்றுத் தசை உறுதியாகுமே தவிர அதன் மேல் இருக்கும் கொழுப்பு அங்கிருந்து மட்டும் கரையாது. எங்கிருந்து முதலில் எடுப்பது என்பதை உடம்பு தீர்மானிக்கிறது. ஆண்களில் பெரும்பாலும் முகமும் கையும் முதலில், வயிறு கடைசியில். உங்கள் அம்மாவின் கண்ணில் பட்டதும் அதுதான். டிரெட்மில்லில் ஒரு மணி நேரம் ஓட வேண்டியதும் இல்லை. நாளுக்கு எட்டாயிரம் அடி நடங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம், இரவு இருபது நிமிடம் என்று பிரித்தால் கணிசமான பகுதி வந்துவிடும்.

தொப்பையைப் பற்றி அலட்சியமாகவும் இருக்காதீர்கள். உங்கள் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 25.6. வெள்ளையர்களுக்கான அட்டவணையில் இது 'சற்று அதிகம்'. இந்தியர்களுக்கு 23-லேயே அதிக எடை தொடங்குகிறது, 25-ஐத் தாண்டினால் உடல்பருமன் என்று நம் மருத்துவர்கள் வைத்திருக்கிறார்கள். காரணம், அதே எடையில் நமக்குத் தசை குறைவு, வயிற்றுக்குள் கொழுப்பு அதிகம். சர்க்கரை நோயும் அதனால் சீக்கிரம் வருகிறது. சாப்பிட்ட சர்க்கரையை ரத்தத்திலிருந்து அதிகமாக இழுத்துக்கொள்வது தசைதான் என்பதால், நீங்கள் ஸ்குவாட் செய்வது சட்டை அழகாக நிற்பதற்கு மட்டுமல்ல. வீட்டில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சர்க்கரை இருந்தால் உங்கள் ரத்தத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அதற்குத்தான் இஞ்ச் டேப். ஞாயிறு காலை, கழிவறை போய்விட்டு வந்து, எதுவும் சாப்பிடும் முன், மூச்சை இயல்பாக விட்டு, தொப்புள் உயரத்தில் அளந்து நோட்டின் பின்பக்கத்தில் எழுதுங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ. என்பது அபாய எல்லை. உயரத்தில் பாதி, உங்களுக்கு 85, நல்ல குறி. எடையையும் அன்றே பாருங்கள். வாரம் 300, 400 கிராம் இறங்கினால் போதும். எடை அசையாமல் இடுப்பு குறைந்து, கம்பியில் கிலோ ஏறினால் கொண்டாடுங்கள். கொழுப்பு போய்த் தசை வந்துகொண்டிருக்கிறது. மூன்று வாரமாக எடையும் இடுப்பும் இரண்டுமே அசையவில்லை என்றால் மட்டும் மதியச் சோற்றில் 50 கிராமும் எண்ணெயில் ஒரு ஸ்பூனும் குறையுங்கள். எடை வேகமாக இறங்கி, கம்பியும் கனக்கிறது என்றால் சோற்றைக் கூட்டுங்கள். ஏழு மணி நேரத் தூக்கம் இல்லாவிட்டால் எந்த எண்ணும் சரியாக வராது. இரவு வேலை உள்ளவர்கள் இதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

85-ஐத் தொட்ட பிறகு குறைப்பதை நிறுத்திவிட்டு, 2300-க்கு ஏறி, அதே மூன்று நாள் பயிற்சியைத் தொடருங்கள். ஓராண்டு கழித்து எடை கூட்டுவது நிஜமாகவே நின்றுபோனால் நான்கு நாள் முறைக்கு மாறலாம். அப்போது எழுதுங்கள், பேசுவோம்.

திங்கட்கிழமையே தொடங்கிவிடுங்கள். அன்று ஜிம்மில் பாதிப் பேர் பெஞ்சுக்கு வரிசையில் நிற்பார்கள். ஸ்குவாட் செய்யும் மூலை காலியாகத்தான் இருக்கும்.